ஏககாலத் தேர்தலும் சட்டசபைகளின் ஆயுளும்

சுதந்திர பாரதத்தில் 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தல் தொடங்கி 1967 வரையில் நான்கு முறை லோக்சபைக்கும் பெரும்பாலான சட்டசபைகளுக்கும் ஜனங்கள் ஏககாலத்தில் வாக்களித்தது வாஸ்தவமே. ஆனால் எந்தச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. 1959ல் கேரளத்தில் நம்பூதிரிபாடின் மந்திரிசபை நீக்கப்பட்டு மறுவருஷம் அங்கே தனித் தேர்தல் நடந்தபோது பிசகத் தொடங்கிய அந்த ஒழுங்கு, 1967க்குப் பின் கட்சித் தாவல்களால் மந்திரிசபைகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்து, 1970 டிசம்பரில் லோக்சபையே காலத்துக்கு முன் கலைக்கப்பட்டதும் முற்றிலும் குலைந்தது.

அதைச் சட்டத்தின் மூலம் மீட்க, ராம்நாத் கோவிந்த் குழுவின் சிபார்சை ஒட்டி 2024 டிசம்பர் 17ல் லோக்சபையில் கொண்டுவரப்பட்டதுதான் 129ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா. அறிமுகத்துக்கு 269 பேர் ஆதரவாகவும் 198 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நிறைவேற்றுவதற்கோ, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். மசோதா கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

இரண்டு தேர்தல்களும் சேர்ந்து வந்தால் வாக்காளர் குழம்பிவிடுவார் என்ற அச்சத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 2019ல் ஒடிசாவில் ஒரே சாவடியில், ஒரே வரிசையில் நின்று இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்திய ஜனங்கள், சட்டசபையில் பிஜு ஜனதா தளத்துக்கு 112 இடங்களும் பாரதீய ஜனதாவுக்கு 23 இடங்களும் கொடுத்துவிட்டு, லோக்சபைக்கான 21 இடங்களில் 8ஐப் பாரதீய ஜனதாவுக்கு அளித்தார்கள்.

என் ஆட்சேபம் சட்டசபையின் ஆயுளைப் பற்றியது. மசோதாவின்படி, ராஷ்டிரபதி குறிக்கும் தேதிக்குப் பின் தேர்ந்தெடுக்கப்படும் சட்டசபைகளின் ஆயுள் லோக்சபையின் ஆயுளோடு முடியும். 2029ல் கூடும் லோக்சபையை ஆதாரமாகக் கொண்டு ராஷ்டிரபதி தேதி குறிப்பதாக வைத்துக்கொள்வோம். 2031ல் ஒரு மாநிலம் தேர்ந்தெடுக்கும் சட்டசபை, ஐந்து வருஷ ஆணை பெற வேண்டியதாயினும், 2034ல் லோக்சபையோடு முடிந்துபோகும். இடையே 2032ல் அது கலைய நேர்ந்தால், புதிதாக வரும் சபைக்கு மிச்சமுள்ள இரண்டு வருஷமே ஆயுள். ஆக, அம்மாநிலத்து ஜனங்கள் 2031, 2032, 2034 என மூன்று முறை சாவடிக்குப் போவார்கள். செலவைக் குறைக்க வந்த ஏற்பாடு, இவ்விடத்தில் செலவைப் பெருக்குவதோடு, மாநிலத்தார் தங்கள் மந்திரிசபைக்குக் கொடுக்கும் காலத்தை டில்லியின் நாட்காட்டிக்கு அடக்கியும் விடுகிறது.

ஜெர்மனியும் சமஷ்டி ராஜ்யந்தான். அங்கே மாநிலத் தேர்தல்கள் வெவ்வேறு காலங்களிலேயே நடக்கின்றன. ஆயினும், அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாலன்றி மத்தியில் பிரதமரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்த முடியாதென்று அவர்களுடைய சாசனத்தின் 67ஆவது ஷரத்து விதிக்கிறது. அத்தகைய ஏற்பாட்டை 1999ல் நம் சட்டக் கமிஷனும் சிபார்சு செய்திருக்கிறது. எந்தச் சபையின் ஆயுளையும் குறைக்காமல், இடைக்காலத் தேர்தல்களுக்கு மூலமான மந்திரிசபைக் கவிழ்ப்பையே தடுக்கும் அந்த வழியைக் கூட்டுக் குழு முதலில் ஆராய வேண்டும்.