நம் ஊராட்சி ஆயத்தமா?



நாகப்பட்டினம் நான் பிறந்த ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது எனக்கு வயது இரண்டு. அன்னை என்னை இடுப்பில் சுமந்து ஓடியதை அவர் சொல்லக் கேட்டே அறிவேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியதற்கும், அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அவ்வளவு நேரம் இருந்தும், ஓடுங்கள் என்று சொல்ல ஒருவருமில்லை! நான் புவி இயற்பியல் பயில வந்ததற்கு அதுவே காரணம்.

இன்று நிலை மாறியிருக்கிறது. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம், கடலடியில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் செய்தி அனுப்பிவிடும். ஆனால், அச்செய்தி கரையோரத்துக் கடைசிக் குடிசைக்குப் போய்ச் சேருமா? அது விஞ்ஞானியின் கையில் இல்லை. ஊராட்சியின் கையில் இருக்கிறது. உள்ளாட்சிகள் தம் பணியாளருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும், கருவிகளை எந்நேரமும் பயன்படும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் பணிக்கிறது.

ஓர் ஊராட்சி ஆயத்தமாக இருக்கிறதா என்று அளப்பது எங்ஙனம்? நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஒடிசாவே அதற்கு வழி காட்டுகிறது. 1999 அக்டோபர்ப் பெரும்புயலில் இங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013இல் பைலின் புயல் வருமுன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. முந்தைய புயல் கடுமையானதுதான். எனினும், இத்துணைப் பெரிய வேறுபாட்டுக்குக் காற்றின் வேகம் மட்டுமே காரணமாகிவிடாது.

2020இல் கஞ்சம் மாவட்டத்து வெங்கட்ராய்ப்பூரையும், ஜகத்சிங்பூர் மாவட்டத்து நோலியாசாகியையும் ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள் என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அந்தத் தேர்வின் கேள்விகள் எளியவை. தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் வரைபடம் உண்டா? ஆபத்தில் இருப்போர் எத்தனை பேர்? தப்பிச் செல்லும் வழி எல்லோருக்கும் புரியும்படி வரையப்பட்டுள்ளதா? செய்தியைப் பெறவும் பரப்பவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டா? இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடக்கிறதா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே உயிரானது என்பேன். ஒத்திகை காணாத திட்டம் அலமாரியில் உறங்கும் காகிதமே. புகலிடத்தின் சாவி வெளியூர் போனவரின் சட்டைப்பையில் இருப்பதும், மின்னாக்கியில் டீசல் இல்லாததும், நடக்க முடியாத பாட்டியைத் தூக்குவது யார் என்று எவரும் எண்ணிப் பாராததும் ஒத்திகையில்தான் வெளிப்படும். யுனெஸ்கோவின் சான்றும் நிலையானதன்று. குறித்த காலம் முடிந்தபின் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆட்கள் மாறுகிறார்கள், கருவிகள் துருப்பிடிக்கின்றன அல்லவா?

தோழர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். கடைசி ஒத்திகை என்று நடந்தது? மின்சாரம் போனால் எச்சரிக்கை எப்படி வரும்? புகலிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? குற்றம் காணும் குரலில் வேண்டாம். ஊரின் பிள்ளையாகக் கேளுங்கள். பொங்கலுக்குப் போகும்போது நானும் நாகையில் கேட்கப் போகிறேன்.