பால் பொங்குவதுபோல் பொங்கும் நாய்

யார் வந்தாலும் வாலை ஆட்டி, மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும் நாய் அது. ஆனால் வீதியில் இன்னொரு நாய் தெரிந்துவிட்டால் போதும், சங்கிலி அறுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் பாய்ந்து குரைக்கும். நாய்க் காப்பகம் எதுவாக இருந்தாலும் அங்கே இப்படி ஒன்றாவது இருக்கும். வளர்க்க எடுக்க வருபவர்கள் பார்த்தவுடன் அதை விரும்பிவிடுவார்கள். சற்று நேரத்தில் பக்கத்துக் கூண்டு நாயைப் பார்த்து அது போடும் கூச்சலைக் கேட்டதும், "இது பொல்லாத நாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அது பொல்லாத நாய் அல்ல. உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளக் குசினிக்குப் போய் அடுப்பில் பாலை வைப்போம்.

மட்டக்களப்புப் பக்கத்துச் சித்தாண்டிக்காரருக்குப் பாலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் யார்? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்த ஊர் இது. ஆனாலும் ஒரு கேள்வி. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் பெரும்பாலும் பானைக்குள்ளேயே கொதிக்கிறது. பால் மட்டும் ஏன் எழும்பி வழிந்து அடுப்பை அணைக்கிறது? தண்ணீரில் ஆவிக்குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதம் குமிழிகளை உடையவிடாமல் பிடித்துவைக்கிறது. புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடையாகவும் படிகின்றன. கீழே நெருப்பு எரிகிறது, மேலே ஆவிக்கு வழியில்லை. அப்படியே ஆடையைத் தூக்கிக்கொண்டு எல்லாம் எழும்பிவிடுகிறது. ஆகவே பால் பொங்க இரண்டு வேண்டும்: சூடு ஒன்று, மூடி நிற்கும் ஆடை ஒன்று.

நம் நாய்க்குச் சூடு என்பது எதிரே வரும் நாய். குட்டிப் பருவத்தில், அதாவது 3 முதல் 12 வாரம் வரையான காலத்தில், மற்ற நாய்களோடு பழகாமல் தனியே கட்டி வளர்க்கப்பட்டிருக்கலாம். கட்டாக்காலி நாய்க் கூட்டம் ஒன்று எப்போதாவது குதறியிருக்கலாம். சிலவற்றுக்கு இடுப்பிலோ காதிலோ தீராத வலி இருக்கும். அதனால்தான் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்கிறார்கள். மனிதரோடு உள்ள அன்பு இதனால் பொய்யாகிவிடாது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் செர்பெல் உருவாக்கிய, நாய்களின் குணத்தை அளக்கும் கேள்விப்பட்டியலில் மனிதர்மேல் காட்டும் ஆவேசமும் பிற நாய்கள்மேல் காட்டும் ஆவேசமும் வேறுவேறு பிரிவுகளாகவே இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆடை என்பது சங்கிலி. கட்டில்லாத ஊர்நாய்கள் இரண்டு சந்திப்பதைக் கவனித்துப் பாருங்கள். நேருக்கு நேர் வராது. வளைந்து வரும், முகத்தைத் திருப்பும், பின்பக்கம் மோந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடும். சண்டையே வராது என்றில்லை. ஆனால் ஆவி போக வழி இருக்கிறது. சங்கிலியில் நிற்கும் நாய்க்கு வளையவும் முடியாது, விலகவும் முடியாது. போதாததற்குப் பிடித்திருப்பவர் பயத்தில் சங்கிலியை இன்னும் இறுக்குவார். உடனே பொங்கும். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அவிழ்த்துவிட்டுப் பார்ப்போமே" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆடையை எடுத்தாலும் அடியில் இருப்பது கொதிக்கும் பால்தான். எதிரே வரும் நாய் செத்தும் போகலாம். பொங்கும் நேரத்தில் கழுத்துப்பட்டியில் கையை விடுவதும் ஆபத்து. அந்தக் கணத்தில் அது திரும்பிக் கடித்தால், கடிபட்டது யாருடைய கை என்றுகூட அதற்குத் தெரியாது.

ஒருமுறை பொங்கி அடங்கிய பானை உடனே ஆறுவதில்லை. உடலில் அட்ரினலின் நொடிகளில் ஏறுகிறது. பின்னாலேயே ஏறும் கார்ட்டிசோல் இறங்குவதற்குப் பல நிமிடங்கள், சிலவேளை மணிக்கணக்கு எடுக்கும். காலையில் ஒரு நாயைப் பார்த்துக் குரைத்தது, அதன்பின் கோயில் திருவிழா வெடிச்சத்தம், பிறகு வாசலில் ஓட்டோ. பின்னேரம் தூரத்தில் ஒரு குட்டிநாய் தெரிந்தாலே பொங்கிவிடும். "குட்டிநாய்க்குப் போய் இப்படியா?" என்று கேட்பவர் காலையிலிருந்து எரிந்த விறகைக் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது காப்பகத்துக்கு வருவோம். வலமும் இடமும் நாய், எதிரே நாய், இரவெல்லாம் குரைப்பு. அணையாத அடுப்பு அது. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் கார்ட்டிசோல் வீட்டு நாய்களைவிட மிக உயர்ந்திருப்பதை மைக்கேல் ஹென்னெசி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997இல் காட்டினார்கள். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று ஐந்து காப்பகங்களின் நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்தது. வீட்டில் கார்ட்டிசோல் இறங்கியது, திரும்பக் கொண்டுவந்ததும் பழைய அளவுக்கு ஏறியது. ஆகவே காப்பகக் கூண்டில் நீங்கள் பார்ப்பது உச்சச் சூட்டில் இருக்கும் நாயை. அதை வைத்து அதன் குணத்துக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

இலங்கையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் யாரும் எடுக்காத நாய் வாழ்நாள் முழுவதும் கூண்டிலேயே, அதே அடுப்பின்மேல் இருக்கவேண்டியதுதான். வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துவதுபோன்ற சரணாலயங்கள் பெரிய சேவை செய்கின்றன. என்றாலும் நாய்களோடு ஒத்துப்போகாத நாய்க்கு நாய்கள் நிறைந்த இடம், எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், வீடாகாது.

சூட்டை எப்படிக் குறைப்பது? அடிப்பது, அதட்டுவது எல்லாம் பொங்கும் பாலில் தண்ணீர் தெளிக்கும் வேலை. நுரை அமரும், அடியில் நெருப்பு அப்படியே இருக்கும். இன்னும் மோசம் என்னவென்றால், உறுமினால் அடி விழும் என்று படித்த நாய் உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

விறகை இழுக்கவேண்டும். நாயின் விஷயத்தில் விறகை இழுப்பது என்றால் தூரத்தைக் கூட்டுவது. இதற்கான வழியை முதலில் காட்டியது நாய்ப் பயிற்சியாளர் அல்லர். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தீனியைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். 1924இல் அதை எழுதி வெளியிட்டார். நாய்க்கும் அதே முறைதான். மற்ற நாய் தெரியவேண்டும். ஆனால் நம் நாய் இன்னும் வாயைத் திறந்து தீனி வாங்கும் தூரத்தில் நிற்கவேண்டும். நாய் தெரிந்த பிறகுதான் அவித்த கோழி ஈரல். நாய் மறைந்ததும் ஈரலும் நிற்கும். இந்த வரிசை மாறக்கூடாது. ஈரலைத் திரும்பியும் பார்க்காவிட்டால் மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பேசாமல் திரும்பி நடக்கவேண்டும். மாதக்கணக்கில் செய்யவேண்டிய வேலை இது. முடிவில் அது மற்ற நாய்களின் கூட்டாளியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வீதியின் மறுபக்கம் ஒரு நாய் போனால் பார்த்துவிட்டு உங்களிடம் திரும்பும். அதுவே பெரிய வெற்றி.

சித்தாண்டி போன்ற ஊரில் எந்த வீடு தோதானது? வேறு நாய் இல்லாத வீடு. வளவைச் சுற்றி மதிலோ, தகரமோ, நெருக்கமான கிடுகு வேலியோ இருக்கவேண்டும். கம்பி வேலி ஆகாது, அதன் வழியே வீதி நாய்கள் நாள் முழுக்கத் தெரியும். படலை தானாகத் திறந்துகொள்ளாததாக இருக்கவேண்டும். ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: தினமும் வாசலில் கட்டாக்காலி நாய்களுக்குச் சோறு வைக்கும் இரக்கமுள்ள வீடு இந்த நாய்க்குச் சரிவராது. கோழி, ஆடு வளர்ப்பவர்கள், அவற்றை நாய் துரத்துமா என்பதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கவேண்டும். நாயைக் கண்டு பொங்குவதும் கோழியைத் துரத்துவதும் வேறு வேறு விஷயம். கருத்தடை, விசர்நாய்க்கடித் தடுப்பூசி இரண்டும் முடிந்திருக்கவேண்டும். நடக்கக் கூட்டிப்போவதானால் வீதி ஓய்ந்த நேரத்தில், வாய்க்கூடு போட்டு. முதல் சில வாரம் வெளியே போகாமல் வளவுக்குள்ளேயே இருந்தாலும் குறைவில்லை. பானை ஆறட்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட, ஆளரவம் குறைந்த பெரிய வளவுகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு வீடு உங்களுடையதாக இருந்து, ஒரே ஒரு நாய் போதும் என்று நினைப்பவரானால், காப்பகத்துக்குப் போகும்போது குட்டிகளைக் கேட்காதீர்கள். "மனிதரோடு நல்லது, நாய்களோடு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.