கடைத் தொட்டியில் வாடும் ஆமையை விலைகொடுத்து மீட்கலாமா?

பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் நெல்லை டவுனிலும் வண்ணமீன் விற்கும் கடைகள் இருப்பதை வாசக நேயர்கள் அறிவீர்கள். அத்தகைய கடைகளின் வாயிலில், கண்ணாடித் தொட்டிகளுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் இரண்டு விரற்கடை நீரில் பச்சைநிற ஆமைக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதையும் கண்டிருப்பீர்கள். சற்றுக் குனிந்து நோக்கினால், அவற்றுள் ஒன்றோ இரண்டோ கண்கள் வீங்கி மூடிய நிலையில் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பது தெரியும். அதனைக் கண்டு உள்ளம் கசிந்த கல்லூரி மாணவர் ஒருவர் மேலப்பாளையத்திலிருந்து நமக்கு எழுதிக் கேட்கிறார்: நோயுற்ற அந்த உயிரை விலைகொடுத்து வாங்கி வைத்தியம் செய்வது நன்மையான செயலா? குணமான பின் அதனைத் தாமிரபரணியில் விட்டுவிடலாமா?

மனிதர் படும் பாடு மலைபோல் குவிந்திருக்க, ஆமைக்கு ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு இறைவன் மன்னிப்பு வழங்கிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதைக் கேட்ட தோழர்கள், விலங்குகளின் பொருட்டும் நமக்குக் கூலி உண்டா என்று வியப்புடன் வினவியபோது, உயிர் ஈரம் உள்ள எதற்கு உதவினாலும் உண்டு என்றே நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஆமையை அந்த விடையிலிருந்து விலக்கிவைக்க எவருக்கும் உரிமை இல்லை. பல்லியைப் பற்றி வந்துள்ள ஹதீஸை எடுத்துக்கொண்டு ஊர்வன அனைத்தையும் வெறுப்பதற்கு வழி தேடுவோருக்கு ஒரு சொல்: ஓர் உயிரினத்தைப் பற்றி வந்த கட்டளையை மற்றோர் உயிரினத்தின் மீது சுமத்துவது மார்க்க அறிஞர்களின் வழி அன்று.

ஆமையைப் பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணங்களும் விந்தையானவை. ஆமையையும் அமீனாவையும் ஒரே மூச்சில் பழித்து, இவ்விருவரும் புகுந்த வீடு உருப்படாது என்றது பழமொழி. இன்றோ, ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் வீட்டில் செல்வம் பெருகும் என்று சொல்லி விற்கிறார்கள். அன்று துரத்தியதும் மூடநம்பிக்கை. இன்று விலைகொடுத்து வரவேற்பதும் மூடநம்பிக்கை. இரண்டுக்கும் அந்தப் பேசா உயிர் பொறுப்பாகாது.

கடைகளில் நாம் பெரும்பாலும் காண்பது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கீற்று ஓடுவதால் இப்பெயர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதன் தாயகம். நம் நாட்டு உயிர் அன்று. விற்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் இக்குஞ்சு, வளர்ந்தால் ஓடு மட்டுமே 25 சென்டிமீட்டரைத் தாண்டும். நன்கு பேணினால் முப்பது ஆண்டுகளும் வாழும். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் திருச்சி, சென்னை விமான நிலையங்களில், மலேசியாவிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் இக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. துணிமணிபோல் அடுக்கி மூடிய பெட்டியில் கடல் கடந்து வருகின்ற ஓர் உயிர், கடைத் தட்டத்தை அடையும்போதே பாதி நோயாளியாகத்தான் இருக்கும்.

அதன் நோய் எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. நீரிலிருந்து ஏறி, உலர்ந்த கல்லின்மேல் அமர்ந்து வெயில் காய்ந்தால்தான் உண்டது செரிக்கும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேரும், ஓடு இறுகும். நிழலில், ஏறுவதற்கு ஒரு கல்லும் இல்லாத தட்டத்தில், நாள்முழுதும் நீரிலேயே கிடந்தால் ஓடு மெலிந்து விரலுக்கு அமுங்கும். உலர்ந்த இறாலையே நாள்தோறும் தூவினால் 'ஏ' உயிர்ச்சத்துக் குறைந்து இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் இரை தேடாது. இரை கொள்ளாததால் மேலும் மெலியும். நுரையீரலில் நோய் கண்டால் நீரில் ஒருபுறமாகச் சாய்ந்து மிதக்கும், மூக்கில் குமிழி கட்டும், வாயைத் திறந்து மூச்சுவிடும். இத்தனைக்கும் அது ஓர் ஒலியும் எழுப்பாது. பல வாரங்கள் பட்டினி கிடந்தும் உயிர் தரித்திருக்க வல்லதாகையால், அதன் வேதனை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆடு கத்தும், நாய் ஊளையிடும். ஆமை மெல்ல அடங்கிப் போகும்.

இனி வினாவுக்கு வருவோம். இக்குஞ்சைப் பணம் கொடுத்து வாங்கலாமா? வாங்க வேண்டாம் என்பதே எமது முடிவு. எளிதாகச் சொல்லும் முடிவு அன்று இது. ஏனெனில், வாங்காமல் திரும்பினால் அந்தக் குஞ்சு இறந்தும் போகலாம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

காரணம் கேளுங்கள். சாகும் தறுவாயில் இருக்கும் குஞ்சு கடைக்காரருக்கு நட்டக் கணக்கு. இரக்கமுள்ள ஒருவர் வந்து முழு விலையையும் கொடுத்தால் அது லாபக் கணக்காகிவிடுகிறது. காலியான இடத்துக்கு மறுவாரமே இன்னொரு குஞ்சு வந்து சேரும். அதே தட்டம், அதே நீர். குறை தெரிந்தே வாங்கியவர் பிறகு வந்து முறையிடவும் முடியாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைந்திருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத் தானியத்தை மேலே, யாவர் கண்ணுக்கும் தெரியுமாறு வைக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். கண்டிக்க வேண்டிய இடத்தில் நாம் காசு கொடுத்துவிட்டு நகர்ந்தால், கண்டிக்க வேண்டியவர் யார்? ஒரு தீங்கை அதே அளவான மற்றொரு தீங்கால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஓர் ஆமையின் துயரை மற்றோர் ஆமையின் தலையில் மாற்றிவைப்பது அதற்குள்ளேயே அடங்கும்.

இங்கே ஒரு தடை எழும், எழ வேண்டியதே. கொடுமைக்கு உள்ளான பிலால் (ரலி) அவர்களை அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் பொருள் கொடுத்து மீட்டார்களே, அது கூடாதா என்று கேட்கலாம். மனிதரையும் விலங்கையும் ஒப்பிடுவதே பொருந்தாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிலால் (ரலி) அவர்களை உமையா வதைத்தது விற்றுப் பணம் பார்ப்பதற்காக அன்று. அந்த விலையைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு பிலாலை வரவழைத்து வெயிலில் கிடத்துவது அவனது தொழிலாகவும் இருக்கவில்லை. மீட்பு அங்கே மீட்பாகவே நின்றது. கடைத் தட்டத்து விலையோ அடுத்த சரக்குக்கு முன்பணம்.

அப்படியானால் கண்டும் காணாததுபோல் போய்விடுவதா என்றால், அதுவும் இல்லை. மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்து முனகிய ஒட்டகத்தின் செய்தியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதன் காதுப் பின்புறத்தைத் தடவி அமைதிப்படுத்தி, உரியவர் யார் என்று உரக்கக் கேட்டார்கள். முன்வந்த இளைஞரிடம், நீர் இதைப் பட்டினி போட்டு மிகையாக வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது, இதன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று இடித்துரைத்தார்கள். இத்தகைய வேறோர் அறிவிப்பில், அவர்கள் ஒட்டகத்தை விலைக்குக் கேட்டதாகவும் உள்ளது. அது ஒரு குடும்பத்தின் ஒரே பிழைப்பு என்று தெரிந்ததும், வேலையைக் குறைத்துத் தீனியைக் கூட்டி நன்முறையில் நடத்துமாறு சொல்லி, உரியவர்களிடமே விட்டார்கள். இரண்டு அறிவிப்புகளிலும் சொல் சென்று சேர்ந்த இடம் ஒன்றே: பிராணியைக் கையில் வைத்திருப்பவர். இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ சட்ட மேதைகள் வகுத்ததும் இதுவே. தீனியும் நீரும் கொடுப்பது உரியவர் கடமை. முடியாவிடில் பேணக்கூடியவரிடம் கைமாற்ற வேண்டும். அதற்கும் இணங்காவிடில் அதிகாரம் உடையவர் தலையிட்டுக் கட்டாயப்படுத்துவார்.

ஆகவே, அந்தக் கடைக்குள் சென்று பேசுங்கள். வைது பேச வேண்டியதில்லை. சில்லறை வியாபாரி அவர், நம் அண்டை வீட்டாரும் ஆவார். இதன் கண் வீங்கியிருக்கிறது, இதைத் தனியே எடுத்து வையுங்கள், தட்டத்தில் ஒரு கல் போடுங்கள், காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள், நீரை மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். இவற்றுக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் ஆகாது. நாலு வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் இதையே சொன்னால் எந்தக் கடைக்காரரும் செவிசாய்ப்பார். செவிசாய்க்காவிட்டால் சட்டம் இருக்கிறது. பட்டினி, தாகம், நெரிசல், கொடுமை ஆகியவற்றால் துன்புறும் பிராணியை விற்பனைக்கு வைப்பதே குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. முதல் குற்றத்துக்கு அது வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்பதைப் படித்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஆயினும் 2018-ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் கடையைப் பதிவு செய்யக் கட்டளையிடுகின்றன. பதிவுக்கு வரும் இடையூறு, அபராதத்தைவிடக் கடைக்காரரை அசைக்கும். எழுத்து மூலமான ஒரு புகாரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பது எவர்க்கும் இயலும்.

கடைக்காரரே, "இது பிழைக்காது, எடுத்துப் போங்கள்" என்று விலையின்றித் தந்துவிட்டால்? அப்போது எடுத்துக்கொள்ளலாம், அதில் அடுத்த சரக்குக்கு முன்பணம் இல்லை. ஆனால், எடுக்கும் முன் உங்கள் வீட்டையும் வருவாயையும் எண்ணிப் பாருங்கள். இராமையன்பட்டியில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைத்தியத்துக்கு நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. தேறிய பின்னும் முப்பது ஆண்டு இருக்கிறது என்பதே யோசனைக்கு உரியது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆமையின் உடலிலும் நீரிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருப்பதுண்டு. பிள்ளைகள் நோயுற்றதைக் கண்டுதான், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975-ஆம் ஆண்டு தடை செய்தது. தாயகமே தடுத்த குஞ்சுகளைத்தான் இங்கே நம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம்.

மாணவரின் இரண்டாவது வினாவுக்கு விடை இன்னும் கண்டிப்பானது: ஆற்றில் விடவே கூடாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டருக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் சிறிய ஆறு. சிறிதாயினும், உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்களை வளர்ப்பது. இவ்வாற்றின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை இனத்தை 1954-ஆம் ஆண்டு சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் உலகுக்கு அறிவித்தார். நம் குளங்களிலும் கால்வாய்களிலும் பாலாமையும் காராமையும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. செங்காது ஆமையோ, உலகின் நூறு கொடிய அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உணவையும், வெயில் காயும் கரையையும் நாட்டு ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுசேர்க்கும். தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்ற அயல்நாட்டு மீன், ஏரிகளில் விடப்பட்டு இன்று வலைகளில் சிக்கி மீனவரை வதைப்பதைத் தமிழகம் கண்டுகொண்டிருக்கிறது. குறுக்குத்துறைப் படித்துறையில் நின்று ஓர் ஆமையை நீரில் விடும்போது மனம் குளிரும் என்பது மெய்யே. மனம் குளிர்வது விட்டவருக்கு, இழப்பு ஆற்றுக்கு. கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் வைத்திருப்போர் செங்காது ஆமைகளை வெளியில் விடாமல் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டிக்கொண்டது. நம் மாவட்டத்திலும் அப்படியோர் ஏற்பாடு வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் இதற்கு ஒரு மனு எழுதினால் மரியாதை குறைந்துவிடாது.

கடையில் இருப்பது நட்சத்திர ஆமையாக இருந்தால் பேச்சே வேறு. ஓட்டின்மேல் மஞ்சள் விண்மீன் கோலம் கொண்ட அது, நம் நாட்டு வறண்ட புதர்க்காடுகளின் பிள்ளை. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் செய்த திருத்தத்தின்படி முதல் அட்டவணையில் உள்ளது. பாலாமையும் அதே அட்டவணையில்தான். இவற்றை விற்பது மட்டுமன்று, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காப்பாற்றும் எண்ணத்தில்தான் வாங்கினேன் என்ற சொல் அங்கே துணைக்கு வராது. நோயுற்றிருந்தாலும் தொடாமல், கடையின் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை 2018-ஆம் ஆண்டு வானூர்தியில் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து திரும்பி வர இயலுமெனில், வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து காட்டுக்குத் திரும்புவது அரிய காரியம் அன்று.

இதைப் படிப்போரில் சிலர் முன்னமே செங்காது ஆமையை வாங்கி வீட்டில் வைத்திருப்பீர்கள். பிராணி வளர்ப்பதையே மார்க்கம் தடுக்கவில்லை. அபூஉமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டு இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்களே அவரைத் தேற்றினார்கள். ஆனால் பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், தரையில் திரிவனவற்றைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி என்னவென்பதும் நீங்கள் அறிந்ததே. அடைத்தவர்மீதுதான் பொறுப்பு ஏறுகிறது. தட்டத்தை விட்டு அகன்ற தொட்டிக்கு மாற்றுங்கள், கல் வையுங்கள், வெயில் காட்டுங்கள், கீரையும் சிறுமீனும் கொடுங்கள், தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உம்ராவுக்கோ வளைகுடா நாட்டு வேலைக்கோ புறப்படும்போது, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று எண்ணும் அதே வேளையில், ஆமையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.