கடைக்காரர் எழுதும் நாலு பக்கம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டு வாங்கிய கட்டிலிருந்து தாள் கிழித்து மடித்துக் கொண்டிருந்தோம். (தின்பண்டங்களை அச்சுத்தாளில் மடிக்கக் கூடாது என்பது அன்பர்கள் அறிந்ததே. நாம் மடித்தது சோப்பும் ஊதுவத்தியும்.) கட்டின் நடுவில் ஒரு நீள நோட்டு. முன்பக்கமெல்லாம் பற்று வரவு. பின்னாலிருந்து திருப்பினால் வேறு சரக்கு! மழை பிடித்த தேதி, மிளகுக் கொடியில் சரம் விட்ட நாள், நடுவட்டம் சாலையில் மண் சரிந்து லாரி நின்ற கதை, வீட்டில் போட்ட நார்த்தங்காய் ஊறுகாயின் பக்குவம், பார்த்த சினிமாவைப் பற்றி நாலு வரி. எழுதியவர் கூடலூர்ப் பக்கத்து மளிகைக்காரர் என்பது மட்டும் தெரிந்தது, பெயர் இல்லை. நாம் கவனிப்பதற்குள் பாதி நோட்டு வாடிக்கையாளர் பைகளில் ஏறிப் போய்விட்டது.

அந்த மனிதர் இதை மாதம் நாலு பக்கமாக நகலெடுத்து, கடைக்கு வருவோர் கையில் கொடுத்திருந்தால் என்ன என்று அன்று முதல் யோசித்து வருகிறோம். உறுப்பினர்கள் சிலரிடம் சொன்னபோது, "நமக்கு ஏதுங்க படிப்பு, ஏது நேரம்?" என்றார்கள்.

1964 ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, டான்டீ தோட்டங்களிலும் சுற்று வட்டாரத்திலும் குடியேறிய குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். இன்றும் நம் கடை வாசலில் 'தேத்தண்ணி' என்ற சொல் கேட்கிறது. அவர்களில் வாசிப்புப் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு டொமினிக் ஜீவா என்ற பெயர் தெரிந்திருக்கலாம். மலையகத்துக்காரர் அல்ல, யாழ்ப்பாணத்துக்காரர். 1927இல் பிறந்தவர். சாதியின் பேரால் ஏச்சு வாங்கி, சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். பிழைப்பு, குடும்பத்தின் முடிதிருத்தும் கடை. முடிவெட்டக் காத்திருப்பவர்கள் பேசும் பேச்சும் அங்கே கிடந்த பத்திரிகைகளுமே அவருக்குப் படிப்பாயின. சிறுகதை எழுதினார், 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

1966 ஆகஸ்டில் அவர் 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் அலுவலகம் எது தெரியுமா? அதே சலூன்தான். அச்சான பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தாமே நடந்து விற்றார். அட்டையில் நடிகை படம் போடவில்லை; எழுத்தாளர்களின் படத்தைப் போட்டார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்த பிறகும் இதழ் நின்றுவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். 2021இல் காலமானார். நேரமில்லை என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் தமிழகத்திலும் ஆள் உண்டு. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி 1988இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் சென்னையில் 'எழுத்து' தொடங்கி 1970 வரை இழுத்துப் பிடித்தார். புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனவர் அவர். பெயர் நின்றது, பணம் நிற்கவில்லை. ஆகவே முதலைப் போட்டுப் பெரிய பத்திரிகை தொடங்குங்கள் என்று நாம் யாருக்கும் யோசனை சொல்லவில்லை.

நாம் சொல்வது ஒரே தாளை மடித்த நாலு பக்கம். நூறு பிரதி போதும். ஒரு நகலுக்கு ஆகும் செலவை நூறாலும், பிறகு பன்னிரண்டாலும் பெருக்குங்கள். அந்தத் தொகையைக் கல்லாவிலிருந்து எடுக்காமல் தனியே வைக்க முடியுமானால் ஓராண்டு ஓடும். மாதாமாதம் முடியாவிட்டால் பருவத்துக்கு ஒன்று. சொன்ன தேதிக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

எழுத விஷயமா இல்லை? தெப்பக்காடு பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பதால் மைசூர்க் காய்கறி எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதை நம்மைவிட யார் சொல்ல முடியும்? ஈர மிளகைக் கையில் அள்ளியதும் கண்டுகொள்வது எப்படி? தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் ஒரே பருப்புக்கு எத்தனை பெயர்? உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு, வளர்க்கும் ரோஜாச் செடி, வாசித்த நாவல் எதுவும் ஆகும். ஆனால் விலைப்பட்டியலாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். விலைக்குக் கரும்பலகை இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டு விவகாரமும் யார் கடன் பாக்கி என்பதும் பத்திரிகையில் ஏறவே கூடாது. ஏறினால் அந்த இதழ்தான் கடைசி இதழ், கடைக்கும் சேர்த்து!

சட்ட விஷயம் ஒன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், பருவ இதழ்களுக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுச் செய்தியும் அதன்மேல் கருத்தும் வெளியிடும் பருவ இதழுக்குப் பதிவு வேண்டும். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போடுவது சிற்றிதழ்களின் பழைய வழக்கம். அந்த ஒரு வரியே காப்பு என்று இருந்துவிடாமல், விவரம் தெரிந்தவரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த நீள நோட்டில் எஞ்சிய பக்கங்கள் நம் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. பச்சை மை. 'ழ'வின் வாலை நீளமாக இழுக்கும் கை. கையெழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்று நினைக்கும் அன்பர்கள் கடைப்பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறோம்.