நொந்த கால்களும் ஓடும்

எமது மாவட்டத்துப் பெண்களிடம் ‘ஓட்டம்’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது விளையாட்டு மைதானம் அல்ல. 1990, 2004 டிசம்பர் 26, 2007 என்று ஆண்டுகள்தான் வரும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டங்கள் அவை. அதனால்தானோ என்னவோ, முப்பது வயது கடந்த ஒருத்தி தன் விருப்பத்துக்காக ஓடப் போகிறேன் என்றால், “இன்னும் ஓடி முடியல்லியா?” என்று கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

பாடசாலைக் காலத்தில் நான் 800 மீற்றர் ஓடியவள். 2007இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது வலது கணுக்கால் பிசகியது. எண்ணெய் தடவித் துணி சுற்றியதுதான் வைத்தியம். அடுத்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, “வீக்கம் வத்திட்டுதானே, பிறகென்ன?” என்று சொல்லி எங்களைப் பயிற்றுவித்தவர் ஓடவிட்டார். திரும்பவும் பிசகியது. பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை, வேலைக்கு வந்தபின் இரண்டு தடவை. எப்போதும் அதே கால்.

இது தலைவிதி அல்ல, காரணம் உண்டு. வீக்கம் சில வாரங்களில் வற்றிவிடும். மூட்டைத் தாங்கும் இணைப்பு இழையங்கள் பழைய உறுதியைப் பெறப் பல மாதங்கள் செல்லும். பள்ளத்தில் கால் பட்டதும் தானாகவே சமநிலைப்படுத்தும் உணர்வும் மங்கிப்போயிருக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நீண்டகாலம் ஓடாதிருந்தவர் மீண்டும் தொடங்கினால் மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. ‘இன்று நல்லாக ஓட முடிகிறதே’ என்று மனம் சொல்லும் அந்த நாட்களில்தான் பலர் திரும்பவும் விழுகிறார்கள்.

இந்தியாவின் பி.ரி. உஷாவை எமது தாய்மாருக்குத் தெரியும். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 400 மீற்றர் தடைதாண்டலில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் பதக்கத்தைத் தவறவிட்டவர். 1988 சியோல் ஒலிம்பிக்கிற்குக் குதிகால் உபாதையோடு போய் முதற் சுற்றிலேயே வெளியேறினார். ‘உஷா முடிந்துவிட்டார்’ என்று எழுதியவர்கள் பலர். 1991இல் திருமணம், பிறகு ஒரு மகன். 1998இல், தமது 34ஆவது வயதில், ஜப்பானின் புகுவோகாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் வெண்கலம் வென்றார். அவருக்கு ரயில்வே வேலை இருந்தது, ஊக்கப்படுத்தும் கணவர் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் எமது பெண்களுக்கு அவை வாய்ப்பதில்லை. ஆனால் முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, போரின் கொடுமையை முழுதாகக் கண்ட மண்ணிலிருந்து எழுபது வயது கடந்து பிலிப்பைன்ஸுக்குப் போய், 2023இல் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் கொண்டுவந்தாரே!

எனக்குப் பதக்கம் வேண்டாம். சென்ற ஆண்டு முதல் மூன்று மாதம் நான் ஓடவேயில்லை. காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பேன். முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். வாசற்படியில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவேன். அம்மாவுக்குச் சிரிப்பு. அதன்பின் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது இலேசாக நொந்து மறுநாள் காலையில் மறைந்துவிட்டால் பயமில்லை. எழும்பியதும் நொந்தாலோ, நொண்டினாலோ முந்தின வாரத்து அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். எனக்கு அப்படி இரண்டு தடவை திரும்பவேண்டி வந்தது. கல்லடிக் கடற்கரை மணல் பார்க்க மெத்தென்று இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கணுக்காலுக்கே பாரம் ஏறும். பலவீனமான காலுக்கு மட்டமான வீதியே நல்லது.

காலில் ஷெல் துண்டு இருக்கும் சகோதரிகள், விறைப்பு உள்ளவர்கள், இரவிலும் நோவு விடாதவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். “இந்த வயதில் எதற்கு?” என்று திருப்பி அனுப்பினால் இன்னொருவரிடம் காட்டுங்கள். அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவத்துக்குக் கட்டணம் இல்லை.

இப்போது என்னோடு இன்னும் மூவர் வருகிறார்கள். ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவர் நடை மட்டும்தான். நாங்கள் போகும் வீதியில் விளக்கு இல்லை. அதனால் மாலையில் போவதில்லை, விடிந்து முகம் தெரியத் தொடங்கியதும் புறப்படுகிறோம். விளக்குப் போடச் சொல்லிப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.