பழைய அமைப்பை நீக்கும் முறை

கணினி மொழிகளும் காலந்தோறும் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. மொழியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

களியக்காவிளையில் வாழைக்குலை வணிகர் ஒருவர் அம்மொழியில் அமைந்த இணையத்தளம் ஒன்றை முற்காலத்தில் நடத்தினார் எனக் கொள்வோம். வாடிக்கையாளர் படிவத்தில் இடும் விவரங்கள் தாமாகவே நிரலின் மாறிகளாகிவிடும். இவ்வமைப்பின் பெயர் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’. எளிமையே அதன் சிறப்பு, இடரும் அதுவே. ‘இவர் உரிமையாளர்’ எனக் குறிக்கும் மாறிக்கு நிரலர் தொடக்க மதிப்புத் தராது விட்டிருந்தால், அயலார் ஒருவர் இணைய முகவரியின் இறுதியில் அம்மாறியின் பெயரையும் மதிப்பையும் சேர்த்து, உரிமையாளர்போல் உள்நுழைந்துவிடலாம்.

இதனை உடனே நீக்கினால், இதனை நம்பி எழுதப்பட்ட தளங்கள் செயலிழக்கும். எனவே, மொழியை வளர்ப்போர் படிப்படியாகச் சென்றனர். 2002இல் வெளியான 4.2 பதிப்பில் அவ்வமைப்பு அணைத்துவைக்கப்பட்டது, வேண்டுவோர் இயக்கிக்கொள்ளலாம். 2009இல் வெளியான 5.3 பதிப்பு, அது கைவிடப்படவுள்ளதென எச்சரித்தது. 2012இல் வெளியான 5.4 பதிப்பில் அது முற்றிலும் நீங்கியது.

அதனுடன், உள்ளீட்டின் மேற்கோள்குறிகளுக்குமுன் சாய்கோடு சேர்த்துவந்த ‘மேஜிக் கோட்ஸ்’ அமைப்பும் நீக்கப்பட்டது. ஆயினும், அது இயங்குகிறதா என வினவும் செயற்கூறு விட்டுவைக்கப்பட்டு, ‘இல்லை’ என்றே விடையளித்தது. அதனால், அவ்வாறு வினவிய பழைய நிரல்கள் தடைபடவில்லை. 2020இல் வெளியான 8.0 பதிப்பில் அச்செயற்கூறும் நீங்கியது.

பத்தாண்டுக்கால அவகாசத்தில், பழைய அமைப்பை மீண்டும் இயக்கியோரின் தளங்கள் இடருக்கு உட்பட்டே இருந்தன. பாதுகாப்பு, தொடர்ச்சி ஆகிய இரண்டையும் எடைபோட்டே இத்தகைய மாற்றங்களைச் செய்தல் வேண்டும்.