கலத்தை அழைத்த விளக்கம்

கலங்கரை விளக்கம் என்னும் தொடரை மாணவர் பலர் கடற்கரை விளக்கு என்றே பொருள்கொள்கின்றனர். ஆசிரியர் சிலரும் இதற்கு விலக்கல்லர். இத்தொடரிலுள்ள ‘கரை’ நிலத்தைச் சுட்டும் பெயர்ச்சொல் அன்று. அழைத்தலைக் குறிக்கும் வினை. காக்கை கரைகின்றது என்கிறோமே, அதே கரைதல்தான். கலத்தை அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் இத்தொடர் வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையோ, ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைப்பதைக் காட்டுகின்றது. மலாய்மொழியில் இதற்கு ரூமா அப்பி என்று பெயர். நெருப்பு வீடு என்பது பொருள். அச்சொல் பொருளைக் கண்டு எழுந்தது. நம் சொல் அதன் தொழிலைக் கண்டு எழுந்தது.

தாப்பாவிலிருந்து பினாங்குக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஒரு வெண்ணிறக் கம்பத்தைக் காணலாம். 1882ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட துறைமுகக் கலங்கரை விளக்கம் அது. உயரம் 21 மீட்டர். கல்கோபுரமாக இல்லாமல், எஃகுச் சட்டங்களால் பாய்மரக் கப்பலின் கம்பம்போல் நிற்பதால், அருகில் சென்றும் அதனை விளக்கமென்று அறியாது திரும்புவோர் உண்டு. இன்று அது கலங்களுக்கு வழிகாட்டுவதில்லை, காணவருவோர்க்குரிய காட்சிப்பொருளாகிவிட்டது.

ஆயினும் நமக்கு அது வெறும் காட்சிப்பொருள் அன்று. அக்கோட்டையை 1804 முதல் செங்கல்லாலும் கல்லாலும் கட்டியெழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். பின்னர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் வங்கக் கடலைக் கடந்து இத்துறைமுகத்தில்தான் வந்திறங்கினர். தீவின் வடமேற்கு மூலையில் 1883இல் அமைந்த முக்கா முனை விளக்கத்தைக் கடந்தே இங்கு வரவேண்டும். (முக்கா என்னும் மலாய்ச்சொல்லும் நம் முகம் என்பதும் உறவுடையன.) வந்தோரில் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். விளக்கம் அழைத்தது கலத்தை. கலத்திலிருந்தோருள் பெரும்பாலோரை அழைத்து வந்தவர் கங்காணி. பீரங்கிகளின் அருகே படமெடுத்துக்கொள்ளும் மாணவர்க்கு, அக்கம்பத்தின் அடியில் நின்று ஆசிரியர் சொல்லவேண்டிய செய்தி இதுவே என்பது நம் கருத்து.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் லைட் தெரு. விளக்கத்தால் அமைந்த பெயரென்று மாணவர் எண்ணக்கூடும். அதுவும் பிழையே, 1786இல் இங்கு வந்திறங்கிய பிரான்சிஸ் லைட்டின் பெயர் அது.